கத்திவாக்கத்து இறாலும் பிரெஞ்சு ஒயினும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வரி எழுதினால் சரியா தப்பா என்று பத்து தடவை யோசிப்பேன். இந்த விஷயத்தில் மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ராயபுரத்தில் கப்பல் ஏஜெண்ட் துரை ஒருவரின் பங்களாவில் சமையல்காரனாக இருந்தேன். மதுவிலக்கு வந்துவிட்ட காலம். துரைக்குப் பெர்மிட் உண்டு, அலமாரி நிறைய பாட்டில். எங்களுக்கோ வாயில் வாசனை அடித்தாலே ஜெயில். தெருவில் போலீஸ்காரன் நிறுத்தி "ஊது" என்பான். குடிப்பழக்கமே இல்லாத நான்கூட நடுங்கிக்கொண்டுதான் ஊதுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிரெஞ்சுக் கப்பல் கேப்டன் வருவதாக இருந்தது. தன் ஊர்ப்பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒன்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். பொர்தோ என்று பெயராம். ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து காற்றாட வைக்கவேண்டுமாம். பட்லர் திறந்து என் சமையலறை மேஜைமேல் வைத்தார். ஈ விழுந்துவிட்டால்? பூனை தட்டிவிட்டால்? மெல்லிய துணியால் அதன் வாயை மூடிவிட்டு, அடுப்பைக் கிளறுவதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"இன்னா மாமு, பாட்டிலுக்குக் காவல் நிக்கிறியா? அதுக்கு இன்னா காலா கீது, ஓடிப் பூட?" என்று பட்லர் சிரித்தார்.

"நல்லதா பண்ணச் சொல்லு" என்றதோடு சரி, துரை வேறெதுவும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு இறால்தான் மரியாதை. கத்திவாக்கத்து உப்பங்கழியில் அன்று காலை பிடித்த இறாலை வாங்கி, மிளகாய் அரைத்து, புளி ஊற்றித் தொக்கு செய்தேன். அதற்கடுத்து ஆட்டுத்தொடை ரோஸ்ட், உப்பும் பூண்டும் மட்டும்.

இறால் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. என்னைக் கூப்பிட்டார்கள். துரையின் முகம் சிவந்திருந்தது. துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருக்கிறதாம் ஒயின்.

"நீ குட்ச்சுட்டு வேற எத்தையோ ஊத்தி வச்சியான்னு கேக்குறாரு" என்றார் பட்லர்.

"ஐயோ, துணி போட்டேன்பா. அத்த தவுர தொடவே இல்ல!"

"ஊதச் சொல்றாரு, மாமு."

வெளியாள் முன்னால், பட்லர் முகத்தில் ஊதினேன். கல்யாண வயதில் மகள் இருக்கிறவன் நான்.

"வெத்தல பாக்குதான் தொர, வேற வாசனையே இல்ல" என்றார் பட்லர். துரை நம்பவில்லை. போலீசுக்குப் போன் பண்ண எழுந்தார். வேலை போனது, ஜெயில்தான், மகள் கல்யாணம் நின்றது என்று அந்த ஒரு நிமிஷத்தில் என் மனம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டது.

அதற்குள் கேப்டன், அடுத்து வந்திருந்த ஆட்டுக்கறியில் ஒரு துண்டை மென்று, ஒயினில் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு துரையின் கையைப் பிடித்து உட்காரவைத்து, அவரையும் அப்படியே சாப்பிடச் சொன்னார். துரை சாப்பிட்டார், குடித்தார், சிரித்தார்.

"ஒயின் மேல தப்பில்லயாம் மாமு. இத்த மீனு, எறாவோட குட்ச்சா இரும்பு ருசி வருமாம். புளி, மொளகாவும் ஆவாதாம். ஆட்டுக்கறின்னா ஜோராம்."

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேதான் நின்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தினம் குடிக்கிற துரைக்கே தெரியாத சங்கதி, வாசனை பட்டாலே உள்ளே போகிற எனக்கு எப்படித் தெரியும்? ருசி பார்க்கக் கூடாத ஒன்றுக்குப் பொருத்தமாகச் சமைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் நான் திருடன்!

சாப்பாடு முடிந்ததும் பட்லர் பாட்டில் அடியில் மிஞ்சியதை ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். "தொரதான் குட்த்தாரு. குடி, யாரும் பாக்கமாட்டாங்க."

வாங்கித் தொட்டியில் கொட்டினேன். டம்ளரைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி அவரிடம் நீட்டினேன்.

"மோந்து பாத்துட்டு எட்த்துனு போய்யா" என்றேன்.