லாமினேட் செய்த பத்தியம்

1. டிக் போடுகிற வேலை

செகந்திராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் டயட்டீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். முதல் நாள் என் சீனியர் அம்மாள் ஒரு கட்டு அச்சடித்த ஷீட்டைக் கையில் கொடுத்தார். இடது பக்கம் 'சாப்பிடலாம்', வலது பக்கம் 'கூடாது'. "நோயைப் பாரு, ஷீட்டை எடு, டிக் போடு, கையெழுத்துப் போடு, அடுத்த பெட்டுக்குப் போ. நின்னு கதை கேட்டா ரவுண்ட்ஸ் முடியாது" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது பெட்டுக்கு ஒரே டயட்டீஷியன். மத்தியானத்துக்குள் கால் வீங்கிவிடும். சர்க்கரை, கிட்னி, லிவர், குடல் என்று ஷீட்டுகளைப் பிரித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவேன். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எதெல்லாம் கூடாது மேடம்?" எதைச் சாப்பிடலாம் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள், "உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம்" என்று விடாமல் கேட்கிறார்கள். பெருமையடித்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் நான் செய்த தப்பு.

2. பிரேக் வேன்காரர்

செல்வராஜ் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கூட்ஸ் வண்டியில் கார்டு, கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் டியூட்டி. வயது நாற்பத்திரண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ரத்தத்தோடு போகிறது என்று அட்மிட் ஆனார். ஸ்கோப் பார்த்ததில் பெருங்குடல் உள்சுவர் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்.

நோயை விட வேலையைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. "மேடம், வண்டி ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல மூணு மணி நேரம் நிக்கும். பிரேக் வேன்ல கக்கூஸ் கெடையாது. டியூட்டி அன்னைக்கு நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. எப்படியாவது என்னை லைன்லயே நிக்க வச்சிருங்க" என்றார்.

புண்ணை ஆற்றுவது மருந்து. நம் சாப்பாடு அதை ஆற்றாது. புண் ஆறுகிறவரை குடலுக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் சக்கை குறைந்த உணவு. நன்றாகக் குழைந்த சாதம், பாசிப்பருப்புத் தண்ணீர், தோல் சீவி வேகவைத்த சுரைக்காய், முட்டை, இட்லி. 'கூடாது' பக்கத்தில் கீரை, பச்சைக் காய்கறி, பால், சுண்டல், கடலை, ஜொன்ன ரொட்டி என்கிற சோள ரொட்டி, கொய்யா, புளி, தக்காளி, மிளகாய். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று வராந்தாவில் வைத்து அவர் மனைவி கஸ்தூரியிடம் ஷீட்டைக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒரு கையில் மாத்திரைக் கவர்களும் இன்னொரு கையில் பையுமாக நின்றார். "ஒரு மூணு வாரம் இப்படிக் குடுங்க, அப்புறம் என்னை வந்து பாருங்க, ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்" என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். பின்னால் ஒரு நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

3. இரண்டு ஷீட்டுகள்

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் கேஸ்ட்ரோ டாக்டர் தம் ரூமுக்கு வரச் சொன்னார். அவர் தெலுங்குக்காரர், கோபம் வந்தால் இங்கிலீஷ் மறந்துவிடும். "ஏம் தினிபிஸ்துன்னாரம்மா ஈயனகி?" என்றார். இந்த ஆளுக்கு என்னதான் சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் பெயரைப் பார்த்த பிறகுதான் செல்வராஜ் என்று புரிந்தது. அறுபத்தெட்டு கிலோ இருந்தவர் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டார். ஹீமோகுளோபின் எட்டு.

டாக்டருக்குப் புரியாதது இதுதான். முந்தின வாரம் எடுத்த ஸ்கோப் சுத்தமாக இருக்கிறது. புண் எப்போதோ ஆறிவிட்டது. ஆள் மட்டும் கரைந்துகொண்டே போகிறார். போன மாதம் வண்டியோரம் நடந்து செக் பண்ணும்போது ஜல்லியில் மயங்கி விழுந்திருக்கிறார். ரயில்வே மெடிக்கல் போர்டு லைன் டியூட்டியை நிறுத்தி, லாபியில், அதாவது வண்டிக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் ஆபீஸில், சைன்-ஆன் ரிஜிஸ்டர் பார்க்க உட்கார வைத்திருக்கிறது. நாலு மாதத்தில் மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் தேறவில்லை என்றால் டீகேட்டகரைஸ், அதாவது ஆயுசுக்கும் மேஜை வேலைதான்.

"என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதத்தான் மேடம்" என்றார் செல்வராஜ்.

கஸ்தூரி பையிலிருந்து என் ஷீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். லாமினேட் செய்திருந்தது.

மெட்டுகுடாவில் நானும் பத்து வருஷம் குடியிருந்தவள். அந்த குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் முக்கியமான காகிதத்தைச் சும்மா விட மாட்டார்கள். மார்க் ஷீட், கேஸ் சிலிண்டர் புக், பொண்ணு ஜாதகம், எல்லாம் ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு வந்துவிடும். ஈரக் கை பட்டு எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று கஸ்தூரி டிஸ்சார்ஜுக்கு மறுநாளே லாமினேஷன் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். மூன்று வருஷம் அதைப் பார்த்தே சமைத்திருக்கிறார்.

கூடவே இன்னொரு ஷீட்டும் இருந்தது. அதுவும் லாமினேஷன், கஸ்தூரியின் கையெழுத்து. செல்வராஜுக்கு எப்போதாவது வயிறு கலங்கினால், முந்தின நாள் சாப்பிட்டதில் ஒன்றைக் குற்றவாளியாகப் பிடித்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். இட்லி, முட்டை, பாசிப்பருப்பு, வாழைப்பழம். இடம் தீர்ந்ததும் அதையும் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் போட்டாயிற்று. மிஞ்சியது சாதம், சுரைக்காய், உப்பு.

"என் பொண்ணுகூடச் சொன்னா மேடம், மம்மி பஸ் கரோ, நானா இளைச்சுட்டே போறாருன்னு. நான்தான் நக்கோன்னா நக்கோதான்னு பிடிவாதமா இருந்துட்டேன். டயட்டீஷியன் எழுதிக் குடுத்திருக்காங்க, நாம மாத்தலாமா?" என்றார் கஸ்தூரி. எங்கள் ஊர்ப் பேச்சில் பஸ் கரோ என்றால் போதும் நிறுத்து, நானா என்றால் அப்பா, நக்கோ என்றால் வேண்டாம். அவர் குரலில் பெருமை இருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை அல்லவா.

ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டிக் எல்லாம் என் டிக், கையெழுத்து என் கையெழுத்து. எத்தனை நாளைக்கு என்று மட்டும் ஷீட்டில் எங்கேயும் இல்லை. அச்சடித்தவர்கள் அதற்கு இடமே விட்டிருக்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் செல்வராஜ் டாக்டரிடம் எத்தனையோ தடவை ரிவ்யூவுக்கு வந்து போயிருக்கிறார். "டயட் ஃபாலோ பண்றீங்களா?" என்று டாக்டர் கேட்பார், "ஹவ் சார்", ஆமாம் சார் என்று இவர் சொல்வார், முடிந்தது கதை.

பேனாவை எடுத்து அங்கேயே அடிக்கப் பார்த்தேன். பிளாஸ்டிக் மேல் பேனா எழுதவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. நர்ஸ் டேபிளிலிருந்து மார்க்கர் வாங்கிவந்து 'கூடாது' பக்கம் முழுக்க ஒரு கோடு இழுத்தேன்.

4. ரசம்

அடித்துவிட்டால் மட்டும் ஆகிவிடாது. மூன்று வருஷம் பயந்த மனுஷனுக்கு ஒரே நாளில் தைரியம் வராது. ஒரு உணவு, மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக. கலங்கினால் உடனே தள்ளிவைக்காமல், இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்ப்பது. முதலில் முட்டை, அப்புறம் பருப்பு, தயிர், தோல் சீவிய காய். வாரா வாரம் வரச் சொன்னேன். இந்தத் தடவை நின்று கதை கேட்டேன்.

தக்காளி ரசத்துக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. "வேணாம் மேடம், அது ரத்தம் வரவைக்கும்" என்றார். கடைசியில் ஆறாவது வாரம் எங்கள் கேன்டீனிலிருந்து ஒரு டம்ளர் ரசம் வரவழைத்து, டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். நானும் கூட உட்கார்ந்தேன். மடக்கு மடக்காகக் குடித்தார். கால்மணிக்கு ஒரு தடவை வாட்ச்சைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் வந்தவர் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த ரசம் எனக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டிருக்குமா?"

ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, நோயின் போக்கைச் சொல்ல முடியாது என்று மழுப்ப எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை.

"ஒத்துக்கிட்டிருக்கும். புண்ணு ஆறின அப்புறம் ஒரு மாசத்துல ஆரம்பிச்சிருக்கலாம். நான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் அன்று எழுதிக் கொடுத்த புது ஷீட்டை என் பக்கமே தள்ளினார்.

"இதுல தேதி போட்டுக் குடுங்க மேடம்."

5. போர்டு

நாலு மாதத்தில் எட்டு கிலோ ஏறினார். ஹீமோகுளோபின் பதினொன்று. டாக்டரும் நானும் ஃபிட் என்று எழுதிக் கொடுத்தோம். போர்டு பைலைப் புரட்டி, ஒரு தடவை லைனில் விழுந்தவரைத் திரும்ப அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு எந்த ஷீட்டின் தலைப்பிலும் முதல் வரியாக 'இந்தத் தேதி வரை மட்டும்' என்று கையால் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். 'கூடாது' என்பதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், அதைத் திரும்ப எடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான், டாக்டர் இல்லை, வீட்டுக்காரம்மா இல்லை. நோயாளி திரும்பி வரவில்லை என்றால் போன் போட்டுக் கூப்பிடுங்கள்.

ரிட்டையர் ஆகும் வரை தேதி போடாத ஷீட் என் கையிலிருந்து போகவில்லை. செல்வராஜ் இப்போதும் லாபியில் உட்கார்ந்து மற்ற கார்டுகளுக்கு சைன்-ஆன் போட்டு வண்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.