கதவோர வரிசை

கம்பளி அக்காவுக்குக் கோடையிலும் கம்பளிச்சட்டைதான். விதைப் பண்ணையின் குளிர் அறையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கணவன் போனபின் மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் குளிர்தான். உள்ளே கூடை கூடையாகக் கேரட். சமையலுக்கல்ல, விதைக்கு. கேரட் பிடிவாதக்காரி, வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் நட்டபின் பூப்பாள். பாதியில் சூடு கண்டால், பட்ட குளிரையெல்லாம் மறந்துவிட்டு வெறும் இலையாகத் தழைப்பாள். பூ இல்லையென்றால் விதை ஏது?

அந்த அறைக்குள் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்காது. மகளுக்கோ பிரசவ நாள் நெருங்கிவிட்டது. சனிக்கிழமை மாலை, மணியடித்தால் கேட்கட்டுமென்று போனை வெளியே வைத்து, கதவுக்கு ஒரு காலிக் கூடையை முட்டுக்கொடுத்தாள். மணியும் அடித்தது.

"அத்தை, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்" என்றான் மருமகன்.

போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் பேத்தியைக் கையில் வாங்கியபோதுதான் கூடை நினைவுக்கு வந்தது. பண்ணைக்கு விடுமுறை, வெளிவாசலில் பூட்டு. திங்கள் காலை முதல் ஆளாகப் போய்த் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கக் கூடைகள் சில்லென்றிருந்தன. கதவோரத்தில் இருந்தவை வெதுவெதுவென்றிருந்தன. கதவை மூடினாள், வாயையும் மூடிக்கொண்டாள். வேலை போனால் வேறு யார் தருவார்கள்?

நடவின்போது கதவோரக் கூடைகள்தான் முதலில் வெளியே வந்தன, முதல் வரிசைக்கே போயின. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போய்க் குருத்தை விலக்கிப் பார்ப்பாள். இலை, மறுபடியும் இலை.

கடைசியில் வயலெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. முதல் வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? சிடுமூஞ்சி சூப்பர்வைசர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் கதவோரக் கூடைதானேக்கா?"

"ஆமா சார். நான்தான் கதவைத் திறந்துபோட்டுட்டு ஓடிட்டேன்."

அவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"பேத்தி இப்போ என்ன பண்றா?"

"குப்புற விழுறா சார்."

"கதவை மூடாம போனதுக்கு ஒரு வரிசை போச்சு. வாயை மூடிட்டு இருந்ததுக்கு உங்க தூக்கம் போச்சு. கணக்கு சரியாப் போச்சு. கதவு திறந்து கிடந்தா அடிக்க, வாசல்ல ஒரு மணி வைக்கச் சொல்றேன். போய் வேலையைப் பாருங்க."

இத்தனை மாதமாக அவள் கேட்க ஏங்கியது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். வியர்க்க வியர்க்க நின்றவள், முதன்முறையாகக் கம்பளிச்சட்டையைக் கழற்றினாள்.