குப்பாயிக்கு நான் வைத்த பெயர்

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நாங்கள் ஹேவாஹெட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஆசை ஆசையாகப் பெயர் வைத்த என் முதல் இரண்டு பெண் பிள்ளைகளும் தவழுமுன்னே காய்ச்சலில் போய்விட்டார்கள். மூன்றாவதும் பெண். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் சொன்னபடி அவளைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பாயி என்று பெயரிட்டோம். குப்பையைத் தேடி எமன் வரமாட்டானாம்.

ஆனால் என் மனதுக்குள் அவள் பெயர் சந்தோசம். பால் கொடுக்கும்போது நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்லப் பயம். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு நாள் மத்தியானம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, பால் கொடுக்க, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்துக்கு ஓடினேன். அவளுடைய தொட்டில் காலியாகத் தொங்கியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்கம்மா அக்காவையும் காணவில்லை. இதுவும் போய்விட்டதா?

"சந்தோசம்! அடியே சந்தோசம்!"

அலறியது நான்தான் என்பது வெளியே ஓடி வந்த பிறகுதான் உறைத்தது.

தண்ணீர்ப் பீலியடியில் அக்கா அவளைக் கழுவிக்கொண்டிருந்தார். "துணியெல்லாம் நனைச்சுட்டா, அதான் தூக்கியாந்தேன். யாருடி சந்தோசம்?"

பிள்ளையைப் பிடுங்கி மாரோடு அணைத்துக்கொண்டேன். எமன் காதிலும் விழுந்திருக்குமே! "ஒண்ணுமில்லக்கா, குப்பாயியத்தான் கூப்புட்டேன்" என்றேன்.

"மலை முழுக்கக் கேட்டுருச்சு. இனிமே எங்க ஒளிக்கப் போற? அப்படியே கூப்புடு."

அன்றிலிருந்து அவள் சந்தோசம்தான். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவள் திரும்பிப் பார்க்கும்வரை எனக்கு மூச்சு வராது.