புரொபேட் கேட்காத கிணறு

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு கருங்கல் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் விரல் அகலத்துக்குப் பாதித் துளை ஒன்று ஓடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் குடுமியான்மலைப் பக்கம் கிடைத்த புராதனச் சின்னம் என்று எண்ணித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை, எனக்கு மரியாதை கிடைக்கும் வழிகள் குறைவு. உண்மையில் அது வெடி வைத்துப் பெயர்த்த கிணற்றுப் பாறை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நான் நியாயமாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

யுத்த காலம். புதுக்கோட்டையில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் திருச்சிக்குப் போயிருந்தார். சட்டப் புத்தகங்களைத் தினமும் தூசி தட்டியதில், தூசியோடு கொஞ்சம் சட்டமும் மூக்கு வழியாக உள்ளே போயிருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த வெள்ளிக்கிழமை காலை, கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். புருஷன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கிணறு வெட்டுவதற்கென்று கடலை விற்ற பணத்தைப் புருஷன் தபாலாபீஸில் தம் பெயரில் மட்டும் சேர்த்து வைத்திருந்தார். கிணறு பாதி இறங்கிவிட்டது, அடியில் பாறை. மறுநாள் சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் வெடி வைக்கும் ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் மழை பிடித்தால் மண் சரிந்து, வெட்டிய வரைக்கும் மூடிக்கொள்ளும்.

“அவுக பேருல உள்ளதை நான் எடுக்க என்ன செய்யணும் தம்பி?”

“புரொபேட் வாங்கணும்” என்றேன். அந்தச் சொல்லை உச்சரிக்க ஒரு வருஷமாகக் காத்திருந்தவன் நான்.

எங்கள் ஆபீஸில் மனு எழுதுவது என்றால், பழைய மனு ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றுவது. கையில் அகப்பட்டது ஒரு பெரிய மிராசுதாரின் உயில் சம்பந்தமானது. அம்மாளை உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்தில் ஏழு பக்கம் எழுதி, எழுதிய அழகில் நானே சொக்கி, உரக்கப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

“இருங்க தம்பி. உயிலுன்னீங்களே, அதை எப்ப எழுதுனாக?”

“யாரு?”

“அவுகதான். கைநாட்டு வைக்கிற மனுசன் எங்கிட்டுப் போயி எழுதுனாக? நீங்க படிச்ச அந்த ரெட்டைக் குதிரை வண்டியையும் என் கண்ணுல காட்டலையே.”

குதிரைகளிடமிருந்து தப்பித்து அலமாரிக்குள் தலையை விட்டேன். புரொபேட் என்பது உயிலை மெய்ப்பிக்க வாங்குவது என்று, நான் முந்தின நாள் தூசி தட்டிய புத்தகத்திலேயே இருந்தது. உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சான்றிதழ். அதற்குக் கோர்ட்டில் மாதக்கணக்காகும். கிணறு அதுவரை காத்திருக்காது.

“பணம் இருக்கிற எடத்துல ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை. புத்தகம் இருக்கும்போது மனுஷரைக் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் நடந்தேன். போஸ்ட்மாஸ்டர் பாஸ்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கோர்ட்டே வேண்டாம் என்றார். இறப்புக்கும் வாரிசுக்கும் கிராமக் கணக்கப்பிள்ளையின் சான்று, அடையாளம் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர், அவ்வளவுதான். சனிக்கிழமை ஒரு மணிக்குக் கவுண்டர் மூடிவிடும்.

பிறகு எனக்கு என்ன வந்ததோ தெரியாது. ஏழு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். இருட்டுவதற்குள் கணக்கப்பிள்ளையைப் பிடித்துச் சான்று வாங்கினோம். மறுநாள் காலை திரும்பி வந்த கரி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸின் முதுகில் கட்டிய கரி அடுப்பு அணைந்துவிட்டதாம். அடுப்புக்குக் காற்றூட்டும் கைச்சக்கரத்தை ஆண்கள் ஆளுக்கு நூறு சுற்றுச் சுற்றிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தோம். அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்.

“அங்கிட்டுத் தள்ளுங்க. அடுப்பைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?” சாம்பலைக் கிளறிவிட்டு அவர் சுற்றிய சுற்றில் பஸ் உறுமியது. கண்டக்டர் கும்பிட்டே விட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் புதுக்கோட்டையில் இறங்கினோம். அவர் ஓடினார், நான் வேஷ்டியை ஒரு கையிலும் சான்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடைத்தெருவே ஒதுங்கி வழிவிட்டது. கவுண்டர் பலகை பாதி இறங்கியிருந்தது. அம்மாள் அடியில் கையைக் கொடுத்துவிட்டார். அடையாளம் சொல்லும் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நோட்டுகள் பலகைக்கு அடியில் வந்து அவர் முந்தானைக்குள் போயின. பரீட்சை தேறிய அன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை. பரீட்சையில் தேறியது மூன்றாவது முயற்சியில் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த மாதம் வந்து இந்தக் கல்லை மேசைமேல் வைத்தார். “வெடிமருந்து வச்ச குழி தம்பி, பாதி இதுல இருக்கு. தண்ணி வந்துருச்சு. ஒங்க பீசு.”

போன வாரம் என் மனைவி கேட்டாள்: “தபாலாபீஸ் பணத்தை உங்க பேர்ல மட்டும் போட்டு வச்சிருக்கீங்களே, நாளைக்கு ஒண்ணுன்னா நான் கோர்ட்டுக்கா போகணும்?” நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். அந்தப் பழைய சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கல் கண்ணில் பட்டது. அதைத் தூக்கி, அடியிலிருந்த பாஸ்புத்தகத்தை உருவிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“கவுண்டருக்கு. நீயும் வா, கேட்டுடலாம்.”