பூட்டு எடுத்த வகுப்பு

லிஃப்ட் குழிக்குள் இறங்கும் மெக்கானிக் முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு, 'ஆள் உள்ளே வேலை செய்கிறார்' என்று ஒரு போர்டைத் தொங்கவிட்டு மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். எங்கள் தொழிற்சங்கத்து மெக்கானிக் ஒருவர் மட்டும் அப்படி இறங்க மாட்டார். ஸ்விட்ச் பெட்டிக்குத் தன் சொந்தப் பூட்டைப் போடுவார். இழுத்துப் பார்ப்பார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டிப் பார்ப்பார். ஏணியில் பாதி இறங்கி, திரும்ப மேலே ஏறி வந்து, பூட்டை இன்னொரு தரம் இழுப்பார்.

"போர்டு போதாதா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"போர்டைப் படிக்கிறவன் ஸ்விட்சைத் தொட மாட்டான். படிக்காதவன்தானே தொடுவான்? அவனுக்குத்தான் பூட்டு."

ஆகவே அவருக்குப் பேரே பூட்டு என்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். யார் கூப்பிட்டது, எதற்கு என்று மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

பஸ் போர்டைப் பார்த்து, கண்டக்டரைக் கேட்டு, பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்ட பிறகுதான் உட்காருவார். டீக்கடையில் சர்க்கரை போட்டாச்சு என்று மாஸ்டர் சத்தியம் செய்தாலும் கலக்கிப் பார்ப்பார். அக்கா வீட்டில்தான் குடியிருந்தார். "கடவுளே நேர்ல வந்து வரம் தரேன்னு நின்னாலும், 'உங்களை இங்க யாரு அனுப்புனது'ன்னு கேப்பான் என் தம்பி" என்பாள் அக்கா.

"கேக்கணும்ல?" என்பார் பூட்டு. சிரிக்க மாட்டார்.

இந்தச் சந்தேகம் எங்கே பிடித்தது என்று எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்க அலுவலகத்தின் மாடி அறையை ஒரு சின்னக் குழு கேட்டது. கொடுத்தோம். அறையைத் திறந்துவிடப் போனால், நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பது நம்ம பூட்டு.

அது இன்டர்செக்ஸ் ஆட்களின் குழு. இடையிலிங்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆண் உடம்பு இப்படி, பெண் உடம்பு இப்படி என்று நாம் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டிலும் முழுதாக அடங்காமல் சில உடம்புகள் பிறக்கின்றன. சிலருக்குப் பிறந்த அன்றே தெரியும், சிலருக்கு வயசுக்கு வரும்போது தெரியும், சிலருக்குச் சாகும்வரை தெரியாது. இது சாபமில்லை. யார் செய்த பாவமும் இல்லை.

பூட்டுக்குப் பிறந்த அன்றே தெரிந்துவிட்டது. நினைவு வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துவிட்டார்கள். பிறகு பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், அம்மா செக்கப்புக்கு என்று அங்கே கூட்டிப் போவாள். கட்டிலில் படுக்க வைப்பார்கள். மாணவர்கள் அரை வட்டமாகச் சுற்றி நிற்பார்கள். பெரிய டாக்டர் போர்வையை விலக்கி, "இதைப் பாருங்க" என்பார். இவனை என்றுகூட இல்லை. இதை. முடிந்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுப்பார்கள். யாரும் அதைக் கொடுமை என்று சொல்லவில்லை. பாடம் என்றார்கள்.

ஒரு வருஷம் கிளம்புகிற நேரத்தில் பையன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அம்மா தட்டினாள், திட்டினாள், அழுதாள். கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்து, "போக வேணாம்டா, வெளிய வா" என்றாள். அவன் நம்பவில்லை. அக்கா வந்து சொன்ன பிறகுதான் திறந்தான். ஆஸ்பத்திரி அன்றோடு நின்றது. ஒரு தாழ்ப்பாள் என்னவெல்லாம் செய்யும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. சொல்வதற்கு முன் மாடிப்படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்.

அந்தக் குழுவைத் தேடி ஒரு நர்சிங் ஸ்கூல் டியூட்டர் வந்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டே பேசுகிற, தூக்கம் போதாத பெண்.

"புத்தகத்துல இதைப் பத்தி அரைப் பக்கம் இருக்கு. பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போயிடுதுங்க. உங்கள்ல யாராவது வந்து பேசினா நல்லாருக்கும்."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் பூட்டு.

சொன்னார். அதே ஆஸ்பத்திரி.

"நேர்ல பாக்கணுமாக்கும்" என்று பூட்டு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"பாக்க இல்லீங்க. கேக்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

மூலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குழுவுக்குப் புதுசு. அவள்தான் பேசினாள்.

"அங்கதான் இவனைப் பெத்தேன். ஒரு நர்ஸ் வந்து பாத்துட்டுப் போனா. போனவ இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்தா. அவ போயி வேற வார்டுலேருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தா. நான் எத்தனை தடவைதான் துணியை இழுத்து மூடுறது?"

பூட்டு எழுந்து போனார். ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மாட்டித்தான் இருந்தது. திரும்பி வந்தார்.

"நான் வரேன். ஆனா நான் சொல்ற மாதிரிதான் நடக்கணும். கட்டில் கூடாது. போட்டோ கூடாது. டாக்டருங்க எவரும் வரக்கூடாது. கதவுக்கு உள்பக்கம் என் பூட்டு, சாவி என் பையில. எவளாச்சும் வெளிய போகணும்னா என்கிட்ட கேக்கட்டும், திறந்து விடுறேன்."

"சரிங்க."

"சட்டையில ஒரு பட்டன் கழட்டச் சொன்னாலும் கிளம்பிடுவேன்."

"சரிங்க."

டியூட்டர் போனதும் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாண்ணே? எல்லாத்துக்கும் உடனே சரின்னுட்டாங்க. இதான் எனக்குப் பிடிக்கல."

எனக்கும் பிடிக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் ஒத்துக்கொள்கிற நிர்வாகம் நாளைக்கு வேறு ஒன்றை எடுத்து வரும். என் அனுபவம் அது. "துணைக்கு வாங்கண்ணே. நீங்க ஒண்ணும் பேச வேணாம், முறைச்சுக்கிட்டு உக்காந்தா போதும்" என்றார். அந்த வேலை எனக்கு வரும். போனேன்.

வகுப்பு மூன்றாவது மாடியில். படியில்தான் ஏறினோம். "லிஃப்ட் இருக்கே" என்றேன். "நான் சர்வீஸ் பண்ணதில்லையே" என்றார்.

அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். செய்முறை அறை அது. ஊசி போட்டுப் பழகும் ரப்பர் பொம்மைகள், கை கழுவும் தொட்டி, மூலையில் ஒரு பச்சைத் துணித் தடுப்பு. கட்டிலை மறைத்து வைப்பார்களே, அது.

"இது எதுக்கு இங்க?"

"எப்பவும் இங்கதான் இருக்கு. சக்கரம் உடைஞ்சு போச்சு, நகர்த்த முடியல" என்றார் டியூட்டர்.

பூட்டு குனிந்து சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். உடைந்துதான் இருந்தது. தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு துடைப்பம். பிறகு கதவுத் தாழ்ப்பாளில் தன் பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டார். மாணவிகள் தங்களுக்குள் சிரித்தார்கள்.

நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி. போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் பெஞ்சை விட்டு எழுந்து வந்தார்கள். யாரும் சொல்லவில்லை. வார்டில் தினமும் செய்து கால்களுக்குப் பழகியிருந்தது. நாற்காலியைச் சுற்றி அரை வட்டம் போட்டு, நோட்டைத் திறந்து நின்றார்கள். முன்னால் நின்ற உயரமான பெண், பேனாவைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "பேஷன்ட் வயசு என்ன மேடம்?"

பூட்டு எழுந்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு கதவுக்குப் போனார். சாவியை எடுத்தார். சொந்தப் பூட்டு, சொந்தச் சாவி; அவசரத்தில் துவாரத்துக்குள் நுழையவில்லை. நான் எழுந்தேன்.

"எல்லாரும் போய் உக்காருங்கடி!" என்று கத்தினார் டியூட்டர். "இது ரவுண்ட்ஸா? இங்க யாருடி பேஷன்ட்?" பிறகு குரல் இறங்கியது. "தப்பு என்னோடதுங்க. சுத்தி நிக்கப் பழக்கினதே நான்தான். நீங்க போகணும்னா போங்க. நான் தடுக்க மாட்டேன்."

பூட்டு கதவைப் பார்த்தபடியே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து வந்து கதவில் முதுகு படும்படி போட்டு உட்கார்ந்தார்.

"இங்கேருந்து பேசுறேன். வேணும்கிறவங்க திரும்பி உக்காருங்க."

பெஞ்சுகள் தரையில் கிறீச்சிட்டுத் திரும்பின.

பேசினார். கட்டில், போர்வை, பிஸ்கட் பாக்கெட். உயரமான பெண்ணின் பேனா நின்றுவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளை. உடம்பு எப்படிப் பொறந்துச்சுங்கிறது வேற கேள்வி. முதல் கேள்வியை என்கிட்ட கேளு, பதில் சொல்றேன். ரெண்டாவது, எனக்கு வைத்தியம் பாக்க உனக்குத் தேவைப்பட்டா மட்டும் கேளு. பல்லு வலின்னு வந்தவன்கிட்ட அதைக் கேக்காத."

"அப்ப திருநங்கைங்க மாதிரியா அண்ணா?"

"இல்லம்மா. அது தன்னை யாருன்னு உணர்றதைப் பத்தினது. இது பொறந்த உடம்பு. சிலர் ரெண்டுமா இருக்கலாம். நான் இல்ல."

"உங்களோடதுக்கு என்ன பேருண்ணா?"

"அறுத்தவங்களுக்குத் தெரியும். எனக்கு எவனும் சொல்லல."

அதன் பிறகு சூடு ஏறிவிட்டது. "குழந்தை அப்படிப் பொறந்தா டாக்டர்கிட்டயே காட்டாதீங்கன்னு சொல்லுங்க!" என்றார்.

"அது தப்புங்க" என்று டியூட்டர் குறுக்கே வந்தார். "சில குழந்தைக்கு உடம்புல உப்பு நிக்காது. உடனே மருந்து குடுக்கலேன்னா உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட காட்டித்தான் ஆகணும். அவசரம் மருந்துக்கு. அழகுக்கு அறுக்கிறதுக்கு ஒரு அவசரமும் இல்ல. அது பிள்ளை வளர்ந்து அதுவே முடிவு பண்ணட்டும்."

பூட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் சொன்னதை மாத்திக்கோங்க" என்றார் மாணவிகளிடம்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டது.

"டியூட்டர்! இன்டர்செக்ஸ் கேஸ் ஒண்ணு வந்திருக்காமே? என் ஸ்டூடன்ட்ஸையும் கூட்டிட்டு வந்திருக்கேன். கதவைத் திறங்க."

பெரிய டாக்டர் ஒருவர். பின்னால் நிறையச் செருப்புச் சத்தம்.

பூட்டு டியூட்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யார் சொன்னது? டியூட்டர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். தலையை யார் வேண்டுமானாலும் ஆட்டலாம்.

"சாவி என்கிட்ட இல்ல சார்" என்றார் டியூட்டர்.

"பின்ன யார்கிட்ட இருக்கு?"

"பேச வந்தவர்கிட்ட."

"என்னம்மா விளையாட்டு? பத்து நிமிஷம் பாத்துட்டுப் போயிடுவோம்."

கதவு குலுங்கியது. பூட்டின் நாற்காலியும் சேர்ந்து குலுங்கியது. அவர் கை சட்டைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. டியூட்டர் கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வேலை அந்த டாக்டரின் ஒரு வார்த்தையில் இருந்தது.

உயரமான பெண் எழுந்தாள். குரல் கொஞ்சம் உடைந்தே வந்தது.

"இங்க கேஸ் எதுவும் இல்ல சார். பேஷன்ட்டும் இல்ல. கிளாஸ் நடக்குது."

"யார் பேசுறது?"

"ஸ்டூடன்ட் சார்."

"நாங்களும் ஸ்டூடன்ட்தான் சார்" என்று பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல். எவளோ களுக்கென்று சிரித்தாள்.

கதவு குலுங்குவது நின்றது. பிறகு, "இதை நான் கேக்காம விடப் போறதில்ல" என்று டியூட்டருக்கு ஒரு வார்த்தை. செருப்புகள் நகர்ந்தன. பூட்டு கதவில் காதை வைத்து, கடைசிச் செருப்பும் படி இறங்கும்வரை கேட்டார். அதன் பிறகுதான் கை பையை விட்டது.

"எங்க விட்டேன்?" என்றார்.

"பல்லு வலி" என்றாள் பின் பெஞ்சுக்காரி.

வகுப்பு முடிந்து இறங்கும்போது சொன்னேன்: "அந்த நெட்டைப் பொண்ணு நல்லாப் பேசிடுச்சு."

"பேசிச்சு" என்றார். இரண்டு படி இறங்கி நின்றார். "யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்களோ?"

"யாருய்யா சொல்லிக் குடுப்பா, கதவைப் பூட்டிட்டு?"

யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டியூட்டரிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். வேலை தப்பியது. டாக்டருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. கைக்குழந்தைக்காரி பிள்ளைக்கு ஊசி போட அங்கே போய் வந்து ஒன்று சொன்னாள்: ஒரு உயரமான நர்ஸ் பிள்ளை, "தொடையில போடணும்க்கா. நீங்களே துணியை விலக்குங்க, வேணும்கிற அளவுக்கு" என்றாளாம். பூட்டு அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். போனோம். பெஞ்சுகள் முன்கூட்டியே கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. கதவோரம் அவருடைய நாற்காலி. பூட்டு மூலையைப் பார்த்தார். பச்சைத் தடுப்பைக் காணோம்.

"எடுத்துட்டோங்க" என்றார் டியூட்டர், பெருமையாக.

பூட்டு தலையாட்டினார். தாழ்ப்பாளில் பூட்டை மாட்டப் போனவர், பாதியில் நிறுத்தி என் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, பக்கத்து ரூம்ல ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. எடுத்ததை எங்க வச்சிருக்காங்கன்னு தெரியணும்ல?"