கேட்காமல் விட்ட வாக்கு

நேற்றுப் பின்னேரம் ஸ்கூட்டியில் வந்த ஓர் இளம்பெண் படலையில் நின்று கூப்பிட்டாள். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறாளாம். அச்சு மை காயாத நோட்டீஸைக் கையில் தந்து, "அக்கா, உங்கடை வோட்டு எங்களுக்குத்தானே?" என்று நேரே கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. வாக்குக் கேட்க வந்தவள் வேறு என்னத்தைக் கேட்பாள்? ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால், என் அப்பா ஒரு சபையையும் ஒரு சிநேகிதரையும் ஒரே காலையில் இழந்தவர்.

அவள் போனபிறகும் மை மணம் விரலில் இருந்தது. தேர்தல் என்றால் எனக்கு மூன்று மணங்கள்: மை, சுவரொட்டிக்குக் காய்ச்சும் கோதுமை மாப் பசை, நண்டுக் கறி. மூன்றாவதற்கு விளக்கம் சொல்லத்தான் வேண்டும்.

யோசேப்பு மாமா கடல்நீரேரிக் கரையில் இருந்தவர். அப்பாவின் கட்சி, அப்பாவோடு கூடவே சபைக்கு வந்த உறுப்பினர். அவர் கத்தோலிக்கர், நாங்கள் மெதடிஸ்த சனம். சனிக்கிழமை தோறும் நண்டுப் பையைப் படலைக் கொளுக்கியில் மாட்டிவிட்டுச் சைக்கிள் மணியை அடிப்பார். அப்பா பதிலுக்கு முருங்கைக்காய் கட்டிக் கொடுப்பார். எங்கள் சாப்பாட்டு மேசையில் மாமாவுக்கென்றே ஒரு கதிரை இருந்தது. நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோமா என்று மட்டும் கேட்காதீர்கள். கரையில் அவருடைய வீடு எதுவென்றே எனக்கு அப்போது தெரியாது. அதைப் பற்றி யோசித்ததுமில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

சபையில் மாமா, வாத்தியாராக இருந்த அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "விடியமுன்னம் வலையோடை போற சனம் இருட்டுக்குள்ளை தடக்கி விழுகுது, மாஸ்ரர். இறங்குதுறைக்கு ரெண்டு லைற் போட்டுத் தாங்கோ." சபையின் தலைவராக, தவிசாளராக இருந்த அப்பா, முறைத்துக்கொண்டு நின்றவர்களின் வட்டாரங்களுக்கே முதலில் லைற் போட்டார். "யோசேப்பு எங்கடை ஆள். அவன் பொறுப்பான்" என்பார்.

போன தேர்தலில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை வரவில்லை. தவிசாளர் யாரென்று உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும். மறுபடியும் தவிசாளராக நின்ற அப்பா ஒவ்வொரு உறுப்பினர் வீடாக ஏறி இறங்கினார். பல வருசமாகக் கதைபேச்சு இல்லாத ஒருவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, "சீனி போடேல்லை, எண்டாலும் வோட்டுப் போடுவான்" என்று சிரித்தார். ஒரு வீட்டை மட்டும் விட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. உரிமையான ஆளிடம் போய்க் கேட்டால், உன்னை நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும்.

வாக்கெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை அப்பா இல்லாத நேரம் மாமா வந்தார். பையை மாட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

"அப்பா எங்கை, பிள்ளை?"

"மெம்பர்மாரின்ரை வீடுகளுக்குப் போயிட்டார், மாமா."

"எங்கடை பக்கமும் வாறாராமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்களிட்டை வந்து என்னத்தைக் கேக்கிறது? நீங்கள் வீட்டு ஆள்தானே!"

மாமா சிரிக்கவில்லை. "ஓம், ஓம். அவரோடை கொஞ்சம் கதைக்க வேணும். வந்தனான் எண்டு சொல்லு" என்றார். நான் சொல்ல மறந்துபோனேன். நண்டு வழக்கம்போல வந்ததால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா மிளகு கூட்டிக் காய்ச்சினா. அப்பா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அப்போது நான் சபை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சபா மண்டபம் அடுத்த அறை. வாக்கெடுப்பு நாள் காலை, புத்தகம் அடுக்குவதுபோல யன்னலடியில் நின்றேன். பகிரங்க வாக்கெடுப்பு. பெயரைக் கூப்பிட ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். எல்லாம் நாங்கள் வீட்டில் எண்ணி வைத்தபடியே வந்தது. மாமாவின் பெயரைக் கூப்பிட்டதும், அவர் வாய் திறக்க முதலே அப்பா அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மாமா எழும்பினார். எதிர்ப்பக்கத்து ஆளின் பெயரைச் சொன்னார். திரும்பக் கதிரையில் இருந்தார்.

அப்பாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கால் சபை கைமாறியது.

அப்பா வீட்டுக்கு வந்து போட்டிருந்த சேட்டைக் கழற்றாமலே இருந்தார். பிறகு சொன்னார்: "மனக்குறை எண்டால் என்னட்டை ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமே. என்ரை வீடு அவனுக்குத் தூரமே?"

அப்போதுதான் எனக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. எழும்பிப் போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.

புதிய சபை சில மாதத்திலேயே இறங்குதுறைக்கு லைற் போட்டது. சனிக்கிழமை மணிச்சத்தம் நின்றது. மாமாவின் கதிரையில் பழைய பேப்பர்கள் ஏறின. இரண்டு வருசத்துக்கு முன் மாமா செத்துப்போனார். அப்பா செத்தவீட்டுக்கு வரவில்லை. நான் போனேன். அந்த வீட்டுக்கு நான் போன முதல் தடவை அதுதான். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிசம்.

நேற்று நோட்டீஸை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மடித்துத் தந்துவிட்டு, இத்தனை காலத்துக்குப் பிறகும் அதையே சொன்னார்.

"அவன் ஒருக்கா வந்திருக்கலாம்."

படலைக் கொளுக்கி போன மாரி மழையில் துருப்பிடித்து விழுந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை மாமா வந்தவர் என்று அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.