தந்த எலியின் இரண்டு ஓட்டைகள்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஏலக்கடையில் சாமான் பட்டியல் எழுதினேன். ஜப்பானிலிருந்து வந்த, கட்டைவிரல் அளவில் யானைத் தந்தத்தில் செதுக்கிய எலி ஒன்றை, “அடியில் இரண்டு ஓட்டை, பழுது” என்று எழுதித் துரையிடம் வாசித்தேன். சாமான் தூக்குகிறவன் சிரித்தான்.

“பழுதா? கயிறு கோக்கத்தான் ரைட்டரய்யா அந்த ஓட்ட!”

தன் வெற்றிலைப் பையின் கயிற்றை ஓட்டைகளில் கோத்து, எலியை இடுப்பு வாருக்குள் நுழைத்து மேலே எடுத்தான். எலி வாரின்மேல் தங்கியது. பை கீழே தொங்கியது.

“ஜப்பானியரும் இப்படித்தான் பையை மாட்டுவார்கள்!” என்று துரை அவன் தோளில் தட்டினார். கண்டுபிடித்தவன் பெயரையும் பட்டியலில் எழுதச் சொன்னார். என் தோளில் அவர் ஒருநாளும் தட்டியதில்லை. பழுது என்பதை அடித்துவிட்டு, ஓட்டையின் உபயோகத்தை மட்டும் எழுதினேன்.

“எம் பேரு எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்” என்று பட்டியலை அவனிடமே காட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது.